ஜிம்மில் சேர்வதற்கு முன்

வணக்கம்.

எனக்கு 34 வயது. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. உடற்பயிற்சி என்று இதுவரை எதுவும் செய்ததில்லை. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. 'ஜிம்மில் ஒரு வருடச் சந்தா கட்டிவிடு, பணம் போட்டால்தான் ஒழுங்காகப் போவாய்' என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அங்கே போய் நிற்கவே கூச்சம். வீட்டில் செய்தால் உடம்பு உண்மையிலேயே வலுவாகுமா?

ம.

அன்புள்ள ம.,

வலுவாகும். முதல் சில மாதங்களுக்கு வீடே போதும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஆரம்ப வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பகுதி, தசை பெருத்ததால் வருவதில்லை. இருக்கிற தசை நார்களைச் சேர்த்து வேலை வாங்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது, அதனால் வருவது. இதற்கு உங்கள் உடல் எடையே தாராளம். தரையில் முழு புஷ்-அப் எடுக்கும்போது கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பலரால் முதல் நாள் ஒன்றுகூட எடுக்க முடியாததில் வியப்பில்லை. சுவரில் கை ஊன்றித் தொடங்குங்கள். 12 முறை சுலபமாக வந்துவிட்டால் அசையாத மேசை விளிம்பு, அப்புறம் தாழ்வான பெஞ்ச், அப்புறம் தரை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவதுதான் உங்கள் முதல் ஸ்குவாட்.

இப்படிச் சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதுதான் அடிப்படை. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களைத் தேற்ற தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர் கையாண்ட முறையும் இதுவே. வீட்டில் செய்கிறவர்கள் தேங்கிப்போவதும் இங்கேதான்: அதே வீடியோ, அதே 20 ஸ்குவாட், மாதக்கணக்கில். உடம்புக்கு அது பழகிவிட்டது. மேலும் வலுவாக அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

வீட்டில் நிஜமான குறை ஒன்று உண்டு. தள்ளும் பயிற்சிக்குத் தரை போதும், இழுக்கும் பயிற்சிக்குப் பிடித்து இழுக்க ஏதாவது வேண்டும். குனிந்தே வேலை பார்க்கும் உங்களுக்கு மேல்முதுகு ரொம்ப முக்கியம். ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) வாங்கி, கால் நீட்டி உட்கார்ந்து, பாதங்களில் மாட்டி வயிற்றை நோக்கி இழுங்கள். கால்கள் இன்னும் சீக்கிரம் எல்லையைத் தொடும். ஒரு காலை முன்னே வைத்து, முழங்கால்களை மடக்கி இறங்கி எழும் லஞ்ச் (lunge) பயிற்சிகூட விளையாட்டாக வரும்போது ஜிம்முக்குப் போங்கள். அங்கே எடையைச் சின்னச் சின்ன அளவில் ஏற்றலாம், நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் முதுகு வளைவதைப் பார்த்துச் சொல்வார். அதற்குள் அசைவுகள் பழகியிருக்கும், கூச்சமும் பாதி போயிருக்கும்.

பணம் கட்டினால் போய்த்தான் தீருவோம் என்பதை நான் நம்பவில்லை. எத்தனையோ வருடச் சந்தாக்கள் இரண்டாவது மாதத்திலேயே வீணாகியிருக்கின்றன. மாதச் சந்தாவாக, வேலைக்குப் போய்வரும் வழியிலேயே உள்ள இடமாகப் பாருங்கள். வீட்டில் கை நீட்ட இடமில்லை, தனியாகச் செய்ய மனம் வரவில்லை என்றால் மட்டும் இப்போதே சேரலாம்.

மூச்சு வாங்குவதற்கு வேக நடை. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டி. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. ஐந்து நிமிடம் படி ஏறினாலும் கணக்கில் சேரும். ஏறும்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு, முதலில் மருத்துவரைப் பாருங்கள்.