படகுக்கு வரும் விருந்தினரிடம் என்ன சொல்வது?

கேள்வி: எங்களிடம் பத்துப் பேர் அமரக்கூடிய சிறிய இயந்திரப் படகு ஒன்று இருக்கிறது. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து மாமியும் அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுமாக ஆறு பேர் வருகிறார்கள். திருகோணமலை உள்துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, கோணேசர் கோயில் மலையைக் கடலிலிருந்து பார்த்துக்கொண்டு, நிலாவெளிக் கரைக்கு அப்பாலுள்ள புறாத்தீவு வரை போய்வர எண்ணியிருக்கிறோம். அவர்களில் எவரும் இதுவரை படகில் ஏறியதில்லை. மூத்தவர்களுக்கு அறிவுரை சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எதை, எப்போது சொல்ல வேண்டும்?
வாசகர், உவர்மலை

பதில்: முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். வீட்டில் விருந்தினரை அவர் போக்கில் விடுவது மரியாதை. கடலில் அவருக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவைப்பதே மரியாதை. அதையும் முதல்நாள் மாலை, தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுங்கள். இறங்குதுறையில் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும்போது சொன்னால் எவர் காதிலும் ஏறாது.

படகில் கழிப்பறை இல்லையென்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதை மறைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் குடும்பப் பயணமொன்றில் கண்டேன்: வயதான பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள், நடுப்பகல் வெயிலில் ஒருவருக்குத் தலைவலியும் மயக்கமும் வந்துவிட்டன. நிலாவெளியில் தெரிந்தவர் வீட்டிலோ விடுதியிலோ முன்கூட்டியே சொல்லிவைத்து, எத்தனை மணிக்கு அங்கே கரையேறுவோம் என்பதை மாமியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்.

அடுத்தது தலைச்சுற்றும் சத்தியும். உள்துறைமுகம் குளம்போல் இருப்பதால் எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். வாயிலைத் தாண்டித் திறந்த கடலின் அலை தூக்கத் தொடங்கியதும்தான் முகங்கள் மாறும். படகின் அசைவை உள்காது உணர, கண் அதை உணராதபோது இந்தக் குமட்டல் வருகிறது. ஆகவே கைபேசியைப் பார்க்காமல் தொலைவிலுள்ள கரையையோ அடிவானத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் மிகுந்த முன்பக்கத்தைத் தவிர்த்து, புகை அடிக்காத நடுப்பகுதியில் இருத்துங்கள். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இடியப்பமும் கொஞ்சம் சொதியும் போதும். குளிசை எடுப்பதானால் புறப்படுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், சத்தி தொடங்கிய பின் அது வயிற்றில் தங்காது. மாமி வேறு மருந்துகள் எடுப்பவரென்றால் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றிப் பேசுவதைவிட, "மாமி, ஏறினதும் இதைத்தான் போடவேணும், நான் போட்டுக் காட்டுறன்" என்று நீங்கள் முதலில் அணிவது நல்லது. பிள்ளைகளுக்கு அணிவித்துப் பட்டிகளை இறுக்கியபின், தோள் இரண்டிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது, வேறொன்று வேண்டும். பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைகளுக்குக் கட்டிச் சமாளிக்கவே கூடாது. சேலைத் தலைப்பும் நீண்ட துப்பட்டாவும் வேண்டாம். படகுக்கும் துறைக்கும் இடையில் கையோ காலோ வைக்க வேண்டாம். இவ்விரண்டையும் இருமுறை சொன்னாலும் தவறில்லை.

புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால், அனுமதிச்சீட்டைப் பற்றியும் சொந்தப் படகில் போய் இறங்குவதைப் பற்றியும் வனசீவராசிகள் திணைக்களத்தினரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பவளப்பாறை உயிருள்ளது, அதன்மேல் கால் வைக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் ஆழமற்ற நீரிலும் திரியும். துரத்தாவிட்டால் அவை தாமாக விலகிப்போகும் என்பதை முன்பே அறிந்த பிள்ளை அலறாது. திமிங்கிலம் பார்க்க வேண்டுமென்று கேட்பார்கள். முதற்பயணத்தில் ஆழ்கடலுக்குப் போகாதீர்கள்.

காலையில் நேரத்தோடு புறப்படுங்கள், நண்பகலுக்குப்பின் காற்று எழும்பக்கூடும். காற்று சரியில்லையென்றால் பயணம் இல்லை என்பதையும் முதல்நாளே சொல்லிவிட்டால், மறுநாள் காலை எவருக்கும் மனத்தாங்கல் வராது.

கேள்வி: நண்பரின் படகில் ஒருநாள் போக அழைப்பு வந்திருக்கிறது. வெறுங்கையோடு போகலாமா?
வாசகி, கிண்ணியா

பதில்: தோல் சீவி வெட்டிய பழங்கள் கொண்டுபோங்கள், கண்ணாடிப் போத்தல் வேண்டாம். பெட்டியைத் தவிர்த்து, மடித்து வைக்கக்கூடிய துணிப்பையில் பொருட்களை எடுங்கள். எரிபொருட்செலவில் பங்கு தருவதாகக் கேளுங்கள், அவர் மறுத்தாலும் கேட்டது மனதில் நிற்கும். திரும்பி வந்ததும் உடனே வீட்டுக்குப் புறப்படாமல், உப்புப் படிந்த படகை நன்னீர் ஊற்றிக் கழுவ ஒரு வாளியை நீங்களும் தூக்குங்கள்.