பேஸ்மேக்கர் வைத்தபின் எம்ஆர்ஐ: அட்டையில் எதைப் பார்க்க வேண்டும்?

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது, இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எழுதியிருக்கிறார்கள், 'எம்ஆர்ஐ எடுக்கலாம்' என்று பேஸ்மேக்கரோடு தந்த அட்டையில் இருந்தும் ஸ்கேன் சென்டர் மறுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் தயங்குவது நியாயம்தான். லீட் (பேஸ்மேக்கர் பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் மின்கம்பி) இதயத் தசையில் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதால் வழக்கமாக 6 வாரம் பொறுக்கச் சொல்வார்கள். அதற்குள் அவசியமென்றால் சிடி எடுக்கலாமா என்று கேளுங்கள். ஆனால் கால் பலவீனமானாலோ சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

அட்டையில் பெட்டியின் மாடலை மட்டும் பார்த்தால் போதாது. பெட்டியும் லீடுகளும் சேர்ந்த தொகுப்புக்குத்தான் அனுமதி. ஒரு நிறுவனப் பெட்டியோடு இன்னொரு நிறுவன லீட் இருந்தால் அது செல்லாது. எந்தக் காந்த வலிமையுள்ள ஸ்கேனருக்கு அனுமதி, 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா என்பதையும் பாருங்கள். பழைய லீட் எதையும் உள்ளேயே விட்டிருந்தால் அதன் நுனி சூடாகலாம். மார்பு எக்ஸ்ரேயில் அது தெரிந்துவிடும்.

ஸ்கேனுக்கு முன் பெட்டியைச் சோதித்து எம்ஆர்ஐ மோடுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஸ்கேனரின் மின்குறுக்கீட்டை இதயத்துடிப்பென்று எடுத்துக்கொண்டு பெட்டி தூண்டுவதை நிறுத்திவிடலாம். பேஸ்மேக்கரையே முழுக்க நம்பியிருப்பவருக்கு இது உயிராபத்து. ஸ்கேன் முழுக்க ஈசிஜியும் ஆக்சிஜன் அளவும் கண்காணிப்பில் இருக்கட்டும், டிஃபிப்ரிலேட்டர் (அவசரத்தில் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) பக்கத்திலேயே இருக்கட்டும்.

முடிந்ததும் பழைய அமைப்புக்கு மாற்றினார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஐசிடி (ஆபத்தான துடிப்பு வந்தால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் கருவி) வைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: ஸ்கேனுக்காக நிறுத்திவைத்த ஷாக்கைத் திரும்ப இயக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் பாதுகாப்பே இல்லை. ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் எடுத்த த்ரெஷோல்ட் (இதயத்தைத் தூண்டத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னளவு), இம்பிடன்ஸ் (லீடின் மின்தடை) அளவுகளின் பிரிண்ட் அவுட்டை வாங்கி ஃபைலில் வையுங்கள்.