கசியாத பானைக்கு ஏன் கூடுதல் விலை?

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): சித்திரை வெயிலுக்காகக் குழாய் வைத்த, பளபளவென்று பூ வேலை செய்த மண்பானை ஒன்றை வாங்கினேன். சாதாரணப் பானையைப்போல் இரண்டு மடங்கு விலை. "ஒரு சொட்டுகூடக் கசியாது" என்றார் கடைக்காரர். கசியவில்லைதான், ஆனால் தண்ணீரும் குளிரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கசியாததால்தான் குளிரவில்லை, அம்மா. பானையின் வேலையே கசிவதுதான். உள்ளிருக்கும் நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே வெளிப்புறம் வந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமும் அதிலுள்ள நீரிடமுமே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீரை 1 டிகிரி குளிர்விக்க 4.2 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்றினால் போதும். அதே ஒரு லிட்டர் ஆவியாகும்போதோ சுமார் 2,400 கிலோஜூலைக் கொண்டுபோகிறது! 10 லிட்டர் பானையில் 100 மில்லி, அதாவது அரை டம்ளர் நீர், ஆவியானால் மீதி நீர் 5 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும் என்பது கணக்கு. வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் சற்றுக் குறையும். மின்சாரமே இல்லாமல் இது நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்தத் துளைகள் தற்செயலாக அமைபவை அல்ல. களிமண்ணோடு மணலை அளவாகச் சேர்த்து, வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கிய சூளையில் மிதமான சூட்டில் சுடுவதால்தான் அவை மிஞ்சுகின்றன. பீங்கானை 1,200 டிகிரிக்கு மேல் சுடுவதால் மண் இளகிக் கண்ணாடிபோல் இறுகி, துளைகள் மூடிக்கொள்ளும். உங்கள் பானையில் அந்த வேலையை வார்னிஷும் எனாமல் பெயின்டும் செய்துவிட்டன. செம்மண் பூச்சு அப்படி அடைக்காது.

'குளிர்நீர்ப் பானை' என்று சொல்லி விற்றிருந்தால் ரசீதோடு போய் மாற்றித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

அடுத்த முறை கடையிலேயே சோதித்துவிடுங்கள். விரல் நனைத்துப் பானையின் வெளிப்புறம் ஒரு துளி வையுங்கள். உடனே உறிஞ்சினால் வாங்கலாம். முத்தாக உருண்டு வழிந்தால் வேண்டாம். சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை வந்தால் விரிசல் இருக்கலாம். கறுப்புப் பானைதான் அதிகம் குளிரும் என்று விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள். காற்றோட்டத்தை அடைத்துப் புகையில் சுட்டதால் வந்த கறுப்பு அது. குளிர்ச்சிக்கு நிறம் காரணமில்லை.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): நானும் திருச்சியில் இருக்கும் அக்காவும் ஒரே இடத்தில் பானை வாங்கினோம். அக்கா வீட்டில் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, எங்கள் வீட்டில் இல்லை. குறை பானையிலா?

பதில்: காற்றில். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் பானை நீர் ஆவியாவது குறையும், குளிர்ச்சியும் குறையும். 38 டிகிரி வெயிலும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள திருச்சிப் பகலில், ஆவியாதலால் நீர் ஏறத்தாழ 24 டிகிரி வரை இறங்க இடமுண்டு. கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் 29 டிகிரியோடு எல்லை முடிந்துவிடும். வெயில் குறைவாக இருந்தும் தண்ணீர் குளிராததற்கு இதுவே காரணம். செய்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

பானையைச் சமையலறை மூலையில் வைக்காமல், வெயில் படாத, காற்று வரும் சன்னலோரம் உயரமாக வையுங்கள். உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் வெளிப்புறம் வெள்ளை படிந்து துளைகள் அடைபடும். சோப்பு போடாமல் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அதன் பிறகும் வெளிப்புறம் ஈரம் காணவில்லை என்றால், அந்தப் பானையில் புளியோ பருப்போ போட்டுவைத்துவிட்டு, தண்ணீருக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.