'அது அப்படித்தான் சார்' என்றால், அதையே எழுதி வாங்குங்கள்

கேள்வி: வீடு வேளச்சேரி, வேலை சிறுசேரி சிப்காட்டில். ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார் வாங்கி இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிறது, 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆறு மாதமாக ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது, ஒன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்தில் வண்டி உதறுகிறது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்து இரண்டு முறை துரைப்பாக்கத்தில் ஓரங்கட்டினேன். சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை போயாச்சு. முதல் தடவை 'சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு', அடுத்த தடவை 'நீங்க ஓட்டுற விதம்', மூன்றாவது தடவை 'இந்த மாடலே அப்படித்தான் சார்'. வாரண்டி முடிய நான்கு மாதம்தான் இருக்கிறது. என்ன செய்வது? பேசாமல் விற்றுவிடலாமா?

பதில்: விற்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான்கு மாதம் என்பது குறைவில்லை, ஆனால் இனி வாயால் பேசிக்கொண்டிருந்தால் ஓடிப்போய்விடும். மூன்று தடவை போனீர்களே, வண்டியை விடும்போது புகாரையும் வேலையையும் எழுதித் தருகிற ஜாப் கார்டு மூன்றிலும் உங்கள் புகார் என்னவென்று எழுதியிருக்கிறது? எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'ஜெனரல் செக்கப்' என்றுதான் இருக்கும். அப்படியானால் கம்பெனி கணக்கில் உங்கள் வண்டியில் இதுவரை ஒரு கோளாறும் வந்ததே இல்லை.

முதலில் நோய் எங்கே என்று பார்த்துவிடுவோம். வண்டி நிற்கும்போது, நியூட்ரலில் வைத்தாலும் ஸ்டீயரிங்கும் சீட்டும் ஆடுகிறதென்றால் கியர்பாக்ஸைத் திட்ட வேண்டாம். என்ஜின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம், ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ மக்கர் செய்து ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம், இரண்டுமே சின்ன வேலை. நிற்கும்போது அமைதி, நகரும்போதும் ஒன்று இரண்டு மாறும்போதும் மட்டும் உதறல், வண்டி சூடானபிறகு அதிகம் என்றால் சந்தேகம் கிளட்ச் மேல்தான் போகும். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகை.

உங்கள் கியர் பெட்டிக்குள் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களை ஒன்று பார்த்துக்கொள்கிறது, இரட்டைப்படையை இன்னொன்று. ஒன்று விடும்போதே மற்றது பிடித்துவிடுவதால்தான் ஈ.சி.ஆரில் போகும்போது வெண்ணெய் மாதிரி மாறுகிறது. இதில் எண்ணெயில் மூழ்கி இருக்கும் கிளட்ச் ஒரு வகை, அதை வெட் என்பார்கள், சூட்டை எண்ணெய் இழுத்துக்கொண்டு போய்விடும். டிரை வகைக்குக் காற்றை விட்டால் வேறு கதி கிடையாது. உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள். சிறிய பெட்ரோல் என்ஜின், ஏழு கியர் என்றால் டிரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் குறுக்கி வைத்திருக்கிற ஓ.எம்.ஆரில், சித்திரை வெயிலில், மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் நாற்பது நிமிடம் ஊர்வதென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் இல்லை, முழுதாக விடவும் இல்லை, தேய்த்துக்கொண்டே இருக்கிறது. சூடு ஏறி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டால், பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். உங்கள் சீட்டுக்கு வருகிற உதறல் அதுதான்.

அப்படியானால் 'நீங்க ஓட்டுற விதம்' என்றது சரிதானே என்றால், கால்வாசி சரி. பிரேக்கைப் பாதி மிதித்தபடி வண்டியை இஞ்ச் இஞ்சாக நகர விடுவது இந்தப் பெட்டிக்கு விஷம். முழுதாக மிதித்து நின்றால் இந்த வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் விட்டுவிடும், அது இளைப்பாறும். அதனால் முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் கிடைக்கும்வரை நின்று, பிறகு ஒரே மூச்சாகப் போங்கள் (நடுவில் ஒரு ஆட்டோ நுழையும், நுழையட்டும்). ஊர்ந்தே ஆக வேண்டும் என்றால் மேனுவல் மோடில் போட்டு முதல் கியரிலேயே வைத்திருங்கள், ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று என்று அது தாவுவது நிற்கும். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கால் நிறுத்துங்கள்.

மீதி முக்கால்வாசி உங்கள் பொறுப்பில்லை. சென்னையில் விற்கிற வண்டி சென்னை டிராஃபிக்கைத் தாங்க வேண்டும். 'ஓட்டுற விதம்' என்ற பதில் முதலில் உங்களுக்குத்தான் கிடைத்தது என்றும் நினைக்காதீர்கள். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற டிரை டூயல் கிளட்ச் பெட்டி இதே மாதிரி உதறியபோது, ஆஸ்திரேலியாவில் வாடிக்கையாளர்களிடம் ஓட்டும் முறைதான் காரணம் என்று சொல்லி அனுப்பினார்கள், கோளாறு பெட்டியில் இருப்பது தெரிந்திருந்தும். 2018-இல் அந்த நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் இதற்காக ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. நம் மறைமலை நகரில் தயாரான எக்கோஸ்போர்ட்டின் ஆட்டோமேட்டிக்கிலும் முதலில் பவர்ஷிஃப்ட்தான் இருந்தது, 2017-இல் மாடலைப் புதுப்பித்தபோது சத்தமில்லாமல், எண்ணெய் வழியாக விசையைக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டருக்கு மாறிவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் 2013-இல் டி.எஸ்.ஜி. என்ற தன் டூயல் கிளட்ச் பெட்டியின் ஏழு கியர் வகை பொருத்திய வண்டிகள் சுமார் 16 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. சூடும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் நின்று நின்று ஓடும்போது, உள்ளே இருந்த சிந்தெடிக் எண்ணெயால் மின் கோளாறு வரக்கூடும் என்பதுதான் காரணம். சூடு, ஈரம், நின்று நின்று ஓட்டம். சென்னையைப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறதா?

சரி, இப்போது சர்வீஸ் சென்டருக்கு எப்படிப் போவது என்று பார்ப்போம், இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு வண்டியை விடுகிறீர்கள், ராத்திரி முழுக்க ஆறிய கிளட்ச், அவர்கள் காலி ரோட்டில் ஒரு ரவுண்டு போய்விட்டு 'ஒண்ணுமே இல்லையே சார்' என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, அப்போது உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. மாலை டிராஃபிக்கில் ஊர்ந்து, உதறல் ஆரம்பித்தபிறகு அப்படியே கொண்டுபோங்கள். சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். எச்சரிக்கை வரும்போது மீட்டரில் கிலோமீட்டர் தெரிகிற மாதிரி, பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்க வேண்டாம்.

ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: எந்த கியரில், எவ்வளவு நேரம் ஓடியபிறகு, எத்தனை முறை எச்சரிக்கை. ஸ்கேனரில் வந்த எரர் கோடுகளின் பிரிண்ட் கேளுங்கள், அழிப்பதற்கு முன்னால். அப்டேட் செய்தோம் என்றால் எந்த வெர்ஷனிலிருந்து எந்த வெர்ஷனுக்கு என்று அதிலேயே இருக்கட்டும். அப்டேட்டோடு கிளட்ச் பிடிக்கும் புள்ளியை வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், தேய்ந்த பரப்பு அப்படியேதான் இருக்கும், உதறல் திரும்பி வரும். அதே வேலையை இரண்டாம் முறை செய்ய வந்தால் கிளட்ச் பேக்கை, அதாவது இரண்டு கிளட்சும் சேர்ந்த தொகுப்பை, இறக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

'இந்த மாடலே அப்படித்தான்' என்றவரிடம் சண்டை வேண்டாம். அதே மாடல் டெஸ்ட் டிரைவ் வண்டியை அதே ரோட்டில் அவரோடு ஓட்டிப் பாருங்கள். அது உதறவில்லை என்றால் பேச்சு முடிந்தது. உதறினால், "இது இயல்பு, பாதுகாப்புக்குக் குறையில்லை" என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிடுவார்கள்.

அதோடு, வாரண்டி முடிவதற்குள் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில். கோளாறு இந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, இத்தனை ஜாப் கார்டு, வாரண்டிக்குள் சொல்லிவிட்டேன், சரிசெய்வது உங்கள் கடமை. சேஸிஸ் எண்ணும் ஜாப் கார்டு எண்களும் அதில் இருக்க வேண்டும். கிளட்ச் தேயும் பொருள், வாரண்டியில் வராது என்று பதில் வரலாம். வாரண்டி புத்தகத்தின் விதிவிலக்குப் பட்டியலை முன்னாலேயே படித்து வையுங்கள். சாதாரணத் தேய்மானம் வேறு, 31,000 கிலோமீட்டரில் உதறுவது வேறு, இந்த வாதத்தை விடாதீர்கள். எக்ஸ்டெண்டெட் வாரண்டி எடுப்பதானால் இருப்பது முடிவதற்கு முன் எடுங்கள், கிளட்ச் பேக்கும் அதை இயக்கும் மெக்கட்ரானிக்ஸும் அதில் உண்டா என்று எழுத்தில் கேட்டுவிட்டு.

இதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே முடியும், 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கோளாறு தீராத புது வண்டியை மாற்றிக் கொடு, இல்லை பணத்தைத் திருப்பிக் கொடு என்கிற, அமெரிக்காவில் இருக்கிற 'லெமன் லா' இங்கே கிடையாது. வண்டியையே மாற்றிக் கொடு என்று கேட்டு உற்பத்திக் குறையை நிரூபிக்க முடியாமல் தோற்றவர்கள் நிறைய. புதிய கிளட்ச் பேக், அதற்குத் தனி வாரண்டி, வண்டி ஷெட்டில் நின்ற நாட்களுக்கு இழப்பீடு என்று கேளுங்கள், கிடைக்க வாய்ப்பு அதிகம். நிபுணர் அறிக்கை தேவைப்பட்டால் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. அதனால் அதுவரை வெளி மெக்கானிக் யாரையும் பெட்டியைத் திறக்க விடாதீர்கள், அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும்.

இனி விற்பது. இன்றைக்கு விற்றால், டெஸ்ட் டிரைவிலேயே உதறுகிற வண்டிக்கு அடிமாட்டு விலைதான் பேசுவார்கள். கிளட்ச் பேக் மாற்றிய ஜாப் கார்டு கையில் இருந்தால் அதே வண்டிக்கு மரியாதையான விலை கிடைக்கும். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது மட்டும் ஓட்டிக்காட்டி யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வரும், எல்லோருக்கும் வருவதுதான். உங்களுக்குச் சர்வீஸ் சென்டர் செய்ததும் அதுதானே?