ஸ்டார்லிங்குகள் அடையும் மாலை

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஆயிரமாயிரமாய் ஸ்டார்லிங் பறவைகள் அந்தியில் திரண்டு பறப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சென்ற டிசம்பரில் இங்கிலாந்தின் சாமர்செட்டிலுள்ள ஹாம் வால் சதுப்புநிலத்துக்குச் சென்றேன். கண்ணால் கண்டதை மறக்க முடியாது. ஆனால் எடுத்து வந்த படங்களில் சாம்பல் வானமும் கரும்புள்ளிகளும்தான் இருக்கின்றன. எங்கே தவறினேன்? அருகில் நின்ற ஒருவர், ஒரு தலைமைப் பறவைதான் திரளை நடத்துகிறது என்றார். அது உண்மையா?

எம்.கா., பிரிஸ்டல்

அன்புள்ள எம்.கா.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

தலைமைப் பறவை என்று ஒன்று கிடையாது. ரோம் நகரில் டெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பலாட்சோ மாஸிமோவின் மேல்தளத்தில் காமிராக்களை நிறுத்தி, ஒரே கணத்தில் வெவ்வேறு கோணங்களில் எடுத்த படங்களைக்கொண்டு ஒவ்வொரு பறவையும் எங்கே இருந்தது என்று இத்தாலிய இயற்பியலாளர்கள் கணக்கிட்டார்கள். 2021இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பரீசியும் அக்குழுவில் இருந்தார். ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே பின்பற்றுகிறது, அவை நெருங்கியிருந்தாலும் விலகியிருந்தாலும் அந்த எண்ணிக்கை மாறுவதில்லை என்பது 2008இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. திரள் விரிந்தாலும் சுருங்கினாலும் கலையாமல் இருப்பது இதனால்தான். திசைமாற்றமும் நடுவிலிருந்து வருவதில்லை. ஓரத்திலுள்ள சில பறவைகள் திரும்ப, அந்தத் திருப்பம் நொடிக்கு 20 முதல் 40 மீட்டர் வேகத்தில் மற்றவற்றுக்குப் பரவுகிறது.

ஆகவே, காமிராவைக் கையில் வைத்திருப்பவர் திரளின் அடர்ந்த நடுப்பகுதியை அல்ல, அதன் நுனிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நுனி சாயத் தொடங்கியதுமே தொடர்ச்சியாக எடுக்க ஆரம்பித்துவிடுங்கள். முழுத்திரளும் திரும்பிய பிறகு விரலை அழுத்தினால் நல்ல வடிவம் கலைந்திருக்கும். பெரக்ரின் வல்லூறோ சேற்றுப் பூனைப்பருந்தோ வந்துவிட்டால் கூடுதல் கவனம் தேவை. வேட்டைப்பறவை நெருங்கும்போது திரளின் ஊடே கருநிறப் பட்டை ஒன்று ஓடுவதைக் காண்பீர்கள். பறவைகள் அடுத்தடுத்து உடலைச் சாய்ப்பதால் சிறகின் அகலமான பரப்பு நம் பக்கம் திரும்புகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். என் பார்வையில், அந்தப் பட்டை தெரியும் படமே அந்த மாலையின் மிகச் சிறந்த படம்.

இனி உங்கள் சாம்பல் வானம். பிரகாசமான வானத்தை அளக்கும் காமிரா அதை மங்கலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் வரை (இரு மடங்கு வரை) கூட்டி, பிறகு திருத்த வசதியான ரா கோப்பாக எடுங்கள். சிறகுகள் தெளிவாகத் தெரிய ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையக் கூடாது. வெளிச்சம் குறையக் குறைய ஐஎஸ்ஓவை, அதாவது காமிராவின் ஒளி உணர்திறனை, கூட்டத் தயங்க வேண்டாம். எதைப் பற்றுவதென்று தெரியாமல் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். தொலைவிலுள்ள மரவரிசையில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். வெளிச்சம் மிகவும் மங்கியதும் காமிராவை முக்காலியில் வைத்து, ஷட்டரைக் கால் நொடி திறந்து பாருங்கள். பறவைகள் கோடுகளாக இழுபட்டு வரும். எல்லாருக்கும் பிடிக்கும் படமல்ல, எனக்குப் பிடிக்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது நிலம். வெறும் வானத்தில் மிதக்கும் திரளுக்கு அளவே தெரியாது. அது லட்சம் பறவைகளா, நூறு கொசுக்களா என்று பார்ப்பவர் எப்படி அறிவார்? நாணலும் நீரும் கரையோர மரங்களும் சட்டகத்தின் அடியில் வரும்படி, அகன்ற லென்ஸைப் பயன்படுத்துங்கள். ஹாம் வாலில் பெரும்பாலானவர்கள் அஸ்தமனத்தைப் பார்த்தே நிற்கிறார்கள். கிழக்கே திரும்பினால் கிளாஸ்டன்பரி குன்றும் அதன் உச்சியிலுள்ள கோபுரமும் இருக்கின்றன. அந்தப் பக்கம் பறக்கும்போது கடைசி வெயில் பறவைகளின் மேல் விழும். மேற்கே கருப்பாகத் தெரிந்தவை பழுப்பாகத் தெரியும்.

அடையும் தருணத்தில் காமிராவை இறக்கிவிடுங்கள். திரளின் அடிப்பகுதி நாணலுக்குள் கொட்டத் தொடங்கும். ஒரே நாணல் தண்டில் பல பறவைகள் தொற்றிக்கொள்ள, அது வளைந்து நீரைத் தொடும். இடம்பிடிக்கும் சண்டையின் இரைச்சல் வெகுநேரம் அடங்காது. மைனாவின் நெருங்கிய உறவு இந்தப் பறவை என்பது அந்தச் சத்தத்தைக் கேட்டாலே நமக்கு விளங்கும்.

ஒரு வேண்டுகோள். நாணலுக்கு அருகில் போக வேண்டாம், ட்ரோனை எண்ணியும் பார்க்க வேண்டாம். பிரிட்டனில் இப்பறவை மிகக் கடுமையாகக் குறைந்து, பாதுகாப்பு மிக அவசியமான பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் கண்டவற்றில் பெரும்பகுதி ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் அதற்குக் கிழக்கிலிருந்தும் குளிருக்குத் தப்பி வந்தவை. இரவுக்கு முன் அவற்றை மறுபடி எழுப்பிவிட்டால், குளிர்கால இரவைத் தாங்கச் சேர்த்துவைத்த வலுவைத்தான் வீணாக்குகிறோம்.

அடுத்த முறை விடியலிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வான வித்தைகள் குறைவு, பார்வையாளர் கூட்டமும் குறைவு. பறவைகள் அலையலையாக எழுந்து தலைக்கு மேலே கடந்து போகும். ஹாம் வாலுக்கும் பக்கத்துச் சதுப்புநிலமான ஷாப்விக் ஹீத்துக்குமிடையே அவை இடம் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்புமுன் அவலான் மார்ஷஸ் (அப்பகுதிச் சதுப்புநிலங்களின் பொதுப்பெயர்) ஸ்டார்லிங் ஹாட்லைனை அழைத்து, முந்தைய இரவு எங்கே அடைந்தன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.