அண்ணன் சொல்வது பொய்யா, நான் சொல்வது பொய்யா?

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியையின் பதில்கள்)

கேள்வி: 2004 சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் அண்ணன்தான் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு" என்று சொன்னான். அவன் போட்டிருந்த நீலச் சட்டைகூட எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. ஆனால் அன்று தான் ஊரிலேயே இல்லை, சென்னையில் ஹாஸ்டலில் இருந்ததாக அவன் சத்தியம் செய்கிறான். ஒவ்வொரு டிசம்பரிலும் எங்களுக்குள் இதே சண்டைதான். பொய் சொல்வது யார், மேடம்?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்: ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அம்மா. ஆனால் ஒருவருக்கு நினைவு தப்பு. அது நீங்களாகவும் இருக்கலாம். நீலச் சட்டை வரைக்கும் தெரிகிறது என்பதை உங்கள் பக்கத்துச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் வெடித்து, அதில் இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் அல்ரிக் நைஸர் அந்த நேரத்தில் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார். மறுநாள் காலையே மாணவர்களிடம் தாளைக் கொடுத்து, செய்தி யார் மூலம் தெரிந்தது, அப்போது எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று எழுதி வாங்கிவிட்டார். 106 பேர் எழுதினார்கள். இரண்டரை வருடம் கழித்து, அவர்களில் 44 பேரிடம் நைஸரும் நிக்கோல் ஹார்ஷும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஏழு மதிப்பெண்ணுக்குச் சராசரி மூன்றுகூட வரவில்லை. 11 பேருக்கு சுத்தமாக சைபர். ஆனால் "எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்" என்று கேட்டபோது, ஐந்துக்கு நாலுக்கு மேல் போட்டுக்கொண்டார்கள்!

அதில் ஒரு பெண், முதல் தாளில் வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து பேசிக்கொண்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதாக எழுதியிருந்தாள். இரண்டரை வருடம் கழித்து, ஹாஸ்டல் அறையில் தோழியோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், திடீரென்று செய்தி ஓடியது என்றாள். பழைய தாளை எடுத்துக் காட்டிய பிறகும் ஒருவருக்காவது "ஆமா, இப்ப ஞாபகம் வருது" என்று வந்ததா என்றால், இல்லை. சிலர் "கையெழுத்து என்னோடதுதான், ஆனா நடந்தது அப்படி இல்ல" என்றே சாதித்தார்கள்.

டிவி எப்படி உள்ளே புகுந்தது பாருங்கள். வெடித்த காட்சியை நாள்கணக்கில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சுனாமியின்போது நம் வீட்டு டிவியிலும் அதேதான் ஓடியது. நினைவு என்பது எடுத்து வைத்த போட்டோ இல்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் கையில் கிடைக்கிற துண்டுகளைக் கோத்து மனசு புதிதாக ஒட்டவைக்கிறது. கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் இதை 1932லேயே எழுதிவிட்டார். அண்ணன் அந்த வாரம் எப்போதோ சைக்கிளில் வந்திருப்பான், வேறு யாரோ ஓடிவந்து கத்தியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே காட்சியாகியிருக்கலாம்.

நம்ப மாட்டீர்கள் என்றால் வீட்டிலேயே செய்து பாருங்கள். நான் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்வேன்: கட்டில், களைப்பு, கனவு, போர்வை, கொட்டாவி, இரவு, குறட்டை, பாய், தலையணை, ஓய்வு என்று நிதானமாக வாசித்துவிட்டு, கொஞ்சம் பேச்சுக் கொடுத்து, பிறகு நினைவில் இருப்பதை எழுதச் சொல்வேன். பாதி வகுப்பு "தூக்கம்" என்று எழுதிவைக்கும். அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை. பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி "நீங்க சொன்னீங்க மேடம், என் காதால கேட்டேன்" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். இந்தச் சோதனையை 1995இல் பிரபலமாக்கியவர்கள் ஹென்றி ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மட்டும்.

உங்கள் சண்டைக்கு வருகிறேன். ஹாஸ்டல் வருகைப் பதிவேடோ, அந்த வாரம் எழுதிய கடிதமோ கிடைத்தால் அதைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னும் பத்து டிசம்பர் பேசினால் இரண்டு பேருடைய கதையும் இன்னும் கெட்டியாகும், அவ்வளவுதான். அலை வந்ததும் நீங்கள் பயந்ததும் நிஜம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கேள்வி: பையன் பிளஸ் டூ. பாடத்தை ஒரு தடவை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விட்டத்தைப் பார்க்கிறான். கேட்டால் "சொல்லிப் பார்க்கிறேன்பா" என்கிறான். நாங்களெல்லாம் பத்துத் தடவை படித்தவர்கள். கண்டிக்கலாமா?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: கண்டிக்காதீர்கள் சார். உங்களைவிட அவன் சரியாகப் படிக்கிறான்.

அதே ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்குடன் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு பகுதியை ஒரு கூட்டம் நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றும் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. பொதுத்தேர்வு ஐந்து நிமிஷத்தில் வருவதில்லையே. இதில் வேடிக்கை, நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது படித்துக்கொண்டே இருந்த கூட்டம்தான்.

ஒரே ஒரு குறை சொல்வேன். விட்டத்துக்கு விடைத்தாள் திருத்தத் தெரியாது. வெள்ளைத்தாளில் எழுதிவிட்டு உடனே புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தப்பும் சேர்ந்து மனப்பாடமாகும். இரண்டு நாள் விட்டு மறுபடியும் எழுதட்டும்.

கேள்வி: எதையுமே மறக்காத மனிதர் உண்டா?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: ராஜன் மகாதேவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாயா தம்பி? 1981இல் மங்களூரில் 'பை' எண்ணின் 31,811 இலக்கங்களைப் பிசகாமல் ஒப்பித்து கின்னஸில் இடம்பிடித்தவர். பிறகு அமெரிக்காவில் உளவியலாளர்கள் அவரை வருடக்கணக்கில் சோதித்தார்கள். எண் என்றால் அசகாய சூரர். எண்களை எடுத்துவிட்டு நட்சத்திரம், கேள்விக்குறி மாதிரிக் குறிகளைக் கொடுத்ததும், உன்னையும் என்னையும் போல ஆறேழோடு நின்றுவிட்டார். பிறகு அந்தக் குறிகளையும் மனசுக்குள் எண்களாக மாற்றிக்கொண்டு ஏறினார் என்பது வேறு கதை.