ஏர்போர்ட் கடையை நம்பிப் போகாதீங்க

நாளை இரவு சென்னையிலிருந்து சிங்கப்பூர், பெரிய பெட்டியோட ஜிப் பிளந்துடுச்சு, ஏர்போர்ட்லயே புதுசு வாங்கிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாங்க. பெட்டி விக்கிற கடைங்க பெரும்பாலும் செக்யூரிட்டி தாண்டித்தான் இருக்கும். பெரிய பெட்டியை அதுக்கு முன்னாடியே கவுண்ட்டர்ல போட்டாகணும். உள்ளே போய் வாங்கி என்ன பண்றது? கேபின் பைன்னா பரவாயில்ல, விலைதான் கடிக்கும்.

உங்க கையில இன்னும் ஒரு பகல் இருக்கே. தி.நகர் போனா பேரம் பேசியே வாங்கலாம். நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டினா 158 செ.மீ.க்குள்ள வரணும், சக்கரம், கைப்பிடியும் அந்தக் கணக்குலதான். வெறும் பெட்டியைத் தூக்கிப் பாருங்க. அதுவே 5 கிலோ இருந்தா உங்களுக்கு அனுமதிச்ச எடையிலதான் கழியும்.

போக முடியலைன்னா நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டு, ஏர்போர்ட்ல பிளாஸ்டிக் சுத்தித் தர்றவங்ககிட்ட கொடுங்க. கயிறு கட்டின பெட்டியை சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட்ல யாரும் அதிசயமா பார்க்க மாட்டாங்க, நம்ம ஆளுங்க பழக்கி வெச்சிருக்காங்க!

சாமான் மாத்துறப்ப பவர் பேங்க் பெரிய பெட்டிக்குள்ள போயிடாம பார்த்துக்குங்க, அது கைப்பையிலதான் வரணும். பெட்டி போடுற கவுண்ட்டரை விமானம் கிளம்புறதுக்குப் பொதுவா 60 நிமிஷம் முன்னாடியே மூடிடுவாங்க.